ரொட்டி சானாய்: சொல்லும் பொருளும் தமிழ்ப் பெயரும்

மைதா மாவைப் பிசைந்து, எண்ணெயில் ஊறவைத்து, கையால் வீசி மெல்லிய படலமாக விரித்து, மடித்தோ சுருட்டியோ கல்லில் சுட்டெடுக்கும் மலேசிய ரொட்டியின் பெயர் ரொட்டி சானாய். பருப்புக் குழம்பு அல்லது மீன் குழம்போடு அங்கே இதைப் பெரும்பாலும் காலையில் உண்கிறார்கள். 2024ஆம் ஆண்டில் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு, தே தாரிக் என்னும் தேநீர் ஆகியவற்றோடு ரொட்டி சானாயும் அதில் இடம்பெற்றது.

மதுரையிலும் ஆசிய உணவு வகைகளை வைத்திருக்கும் கடைகளின் உணவுப் பட்டியலில் இப்பெயர் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. தட்டில் வந்ததைப் பார்த்ததும் மதுரைக்காரர் ஒருவர், “இது நம்ம வீச்சுதானே?” என்று கேட்பது இயல்பு. அந்தக் கேள்வியிலேயே விடையில் பெரும்பகுதி இருக்கிறது. ஆயினும் பெயர் எங்கிருந்து வந்தது, அதன் இரண்டாம் பாதி எதைக் குறிக்கிறது, தமிழில் எழுதும்போது எதை வழங்குவது என்பவற்றைப் பற்றிக் குழப்பமான விளக்கங்களே உலவுகின்றன.

முதலில் ஒலிப்பு. இதை ‘ரொட்டி கனாய்’ என்று எழுதுவதும் சொல்லுவதும் பிழை. மலாய் மொழி ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. அதில் ‘சி’ (c) என்னும் ஒற்றை எழுத்துக்கு எப்போதும் சகர ஒலிதான், ககர ஒலி கிடையாது. 1972ஆம் ஆண்டு மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து எழுத்துச் சீர்திருத்தம் செய்யும் வரை, மலேசியாவில் இவ்வொலியைச் ‘சி’, ‘எச்’ என்ற இரண்டு எழுத்துகளால் எழுதினர். சீர்திருத்தத்தில் இரண்டாவது எழுத்து உதிர்ந்தது. ஆங்கில வழக்கில் பழகிய கண்களுக்கு எஞ்சிய எழுத்து ககரமாகத் தெரிகிறது. மலேசியத் தமிழர் வாயில் அது என்றும் சானாய்தான்.

‘ரொட்டி’ என்ற முதற்பாதியில் சிக்கல் இல்லை. வடமொழியின் ‘ரோடிகா’ வழியாக இந்திய மொழிகள் பலவற்றில் பரவிய சொல் அது. மலாய்க்கும் இந்தியாவிலிருந்தே சென்றது. அங்கே ரொட்டி என்றால் அடுமனையில் வாங்கும் துண்டு ரொட்டியும் அடங்கும், கல்லில் சுட்டதும் அடங்கும். காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் பாலும் ரொட்டியும் கொடுக்கச் சொல்லும் நம்மூர்ப் பாட்டிமார் குறிப்பிடும் ரொட்டியும் அடுமனை ரொட்டியே. இப்படி விரிந்த பொருளுடைய சொல்லுக்கு அடைமொழி ஒன்று கட்டாயம் தேவைப்படுகிறது. அந்த அடைமொழிதான் சானாய்; விவாதமும் அதில்தான்.

மூன்று விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் தமிழர்க்கு மிகவும் பிடித்தது, சானாய் என்பது ‘சென்னை’யின் திரிபு என்பது. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழர் கொண்டுபோன ரொட்டி ஆகையால் சென்னை ரொட்டி என்று பெயர் பெற்றது என்பார்கள். இதை மறுப்பவர்கள், மதராஸ் என்ற பெயர் 1996ஆம் ஆண்டில்தானே சென்னை ஆனது என்று கேட்பதுண்டு. அது முழுமையான மறுப்பு ஆகாது. அரசாணை வருவதற்கு நெடுங்காலம் முன்பே தமிழர் பேச்சில் அவ்வூர் சென்னப்பட்டணமாகவும் சென்னையாகவும் வழங்கியது. வலுவான மறுப்பு ஒலியமைதியில் இருக்கிறது. தமிழிலிருந்து மலாய்க்குச் சென்ற சொற்களில் ‘கடை’ என்பது ‘கெடாய்’ ஆயிற்று. அதாவது முதலசையின் அகரம் எகரமாக மெலிந்தது. சென்னை சானாய் ஆகவேண்டுமானால் எகரம் அகரமாக எதிர்த்திசையில் மாறியிருக்க வேண்டும். மேலும், முதலசையில் எகரம் வரும் சொற்கள் மலாயில் நிறைய உண்டு. சென்னை என்பதைச் ‘செனாய்’ என்று சொல்ல அம்மொழிக்கு ஒரு தடையும் இருந்திருக்காது. ஊர்ப்பெருமைக்காக இவ்விளக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை என்றே கருதுகிறேன்.

இரண்டாவது விளக்கம், கொண்டைக்கடலையைக் குறிக்கும் இந்திச் சொல்லான ‘சன்னா’ என்பதிலிருந்து பெயர் வந்தது என்பது. ரொட்டி சானாயோடு வழக்கமாக வருவது துவரம்பருப்போ மைசூர்ப் பருப்போ இட்ட குழம்பும் மீன் குழம்பும்தான். ஆகவே இதைக் கடந்து போகலாம்.

மூன்றாவது விளக்கம் மலாய் அகராதியிலேயே இருக்கிறது. ‘சானாய்’ என்னும் மலாய் வினைச்சொல்லுக்குத் தீட்டுதல், சாணை பிடித்தல், மெருகேற்றுதல் என்பன ஒருசார் பொருள். பிசைந்த மாவை உருட்டித் தேய்த்து மெலிதாக்குதல் மற்றொரு பொருள். ‘பத்து சானாய்’ என்றால் சாணைக்கல். தேய்த்து மெலிதாக்குவது என்ற ஒரே கருத்து இரும்புக்கும் மாவுக்கும் பொதுவாக நிற்கிறது. ரொட்டி சானாய் என்பதற்கு ‘தேய்த்து மெலிதாக்கிய ரொட்டி’ என்று நேர்ப்பொருள் கொள்வதே மூன்றில் பொருத்தமானது.

ஆனால் அடுப்படியில் நின்று பார்ப்பவருக்கு இதில் ஒரு முரண் தெரியும். ரொட்டி சானாய் செய்யும் கடையில் பூரிக்கட்டை கிடையாது. உருண்டையை உள்ளங்கையால் அழுத்தித் தட்டி, விளிம்பைப் பிடித்துக் காற்றில் சுழற்றி மேசைமேல் வீசுகிறார்கள்; ஒவ்வொரு வீச்சுக்கும் மாவு அகன்று, அடியில் வைத்த கை தெரியும் அளவுக்கு மெலிகிறது. பெயர் சொல்லுவது தேய்த்தலை, கை செய்வது வீசுதலை. அந்தக் கைவேலைக்கு மலாய்க்காரர் வழங்கும் சொல் சானாய் அன்று, ‘தெபார்’ என்பதே. ரொட்டி போடுபவரை ‘தெபார்’ செய்கிறவர் என்றுதான் சொல்லுகிறார்கள். மீனவர் ஆற்றிலும் கடலிலும் வலை வீசுவதற்கும் மலாயில் அதே சொல்தான்.

தமிழிலும் அப்படியே நிற்கிறது. வீசுவலை என்கிறோம், வீச்சுப் பரோட்டா என்கிறோம். ‘வீசு’ என்னும் வினைக்கு எறிதல், சுழற்றுதல், காற்றடித்தல் முதலிய பொருள்களோடு, அளவின்றி வாரிக் கொடுத்தல் என்ற பழம்பொருளும் உண்டு. அதிலிருந்து பிறந்த ‘வீச்சு’ மதுரைப் பக்கம் அரிவாளுக்கும் முன்னொட்டாகிப் பெயர் கெட்டுக் கிடந்தாலும், மாலை ஐந்து மணிக்கு மேல் அது ரொட்டிக்கே உரியது. ‘ரெண்டு வீச்சு, ஒரு ஆம்லெட்’ என்று கேட்டால் கல்லுக்கு முன் நிற்கும் மாஸ்டருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. இரு மொழிகளிலும் உழைக்கும் கை ஒரே உவமையைத் தேர்ந்திருக்கிறது. ஆதலால் மலாய்ப் பெயரின் அகராதிப் பொருளை மொழிபெயர்ப்பதைவிட, செயலைச் சொல்லும் ‘வீச்சு ரொட்டி’யே இதற்கு நேரான தமிழ்ப் பெயர் என்பது என் முடிவு. இலங்கைத் தமிழரிடமும் வீச்சு ரொட்டி என்ற வழக்கு இருக்கிறது என்பது இதற்குக் கூடுதல் வலிமை.

இவ்விடத்தில் வழக்கமான மதுரைப் பரோட்டாவையும் வீச்சையும் வேறுபடுத்த வேண்டும். இரண்டுக்கும் மாவு ஒன்றே, வீசுவதும் ஒன்றே. வீசிய படலத்தைக் கொசுவிக் கயிறாக்கி, சுருளாகச் சுற்றிவைத்து, மீண்டும் தட்டிச் சுட்டால் பரோட்டா. படலத்தை நான்கு பக்கமும் மடித்து அப்படியே கல்லில் போட்டால் வீச்சு. மலேசியாவில் இவ்விரு முறைகளும் ரொட்டி சானாய் என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. சுட்டதும் இரு கைகளாலும் பக்கவாட்டில் அடித்து அடுக்குகளைப் பிரிப்பது இரு நாட்டுக்கும் பொது. தனித்தமிழ்ப் பட்டியல்களில் பரோட்டாவுக்குப் ‘புரியடை’ என்ற ஆக்கம் காணப்படுகிறது. வலம்புரி, முப்புரி என்பவற்றில் உள்ள ‘புரி’ முறுக்கையும் சுருளையும் குறிப்பதால், சுருட்டிய பரோட்டாவுக்கு அது நல்ல ஆக்கமே. மடித்த வீச்சுக்கு அது பொருந்தாது.

‘அடை’ என்ற சொல்லுக்கு மதுரையில் வயது அதிகம். மதுரைக்காஞ்சி இந்நகரின் இரவைப் பாடும்போது, தேன்கூட்டைப் போன்ற ‘மெல்லடை’யையும் மோதகத்தையும் வைத்துக்கொண்டு உறங்கும் கூவியரைக் காட்டுகிறது, கூவியர் என்போர் அப்ப வணிகர். எனவே முற்றிலும் தமிழாகவே வேண்டும் என்பவர்கள் ‘வீச்சடை’ எனலாம். ரகரம் மொழிக்கு முதலில் வராது என்னும் இலக்கணத்துக்கும் அது உடன்பட்டது. இருந்தாலும் தேன்கூடு போன்ற மெல்லடை என்பது நம் ஆப்பத்தின் சாயலையே தருகிறது. மேலும் இன்று அடை என்றதும் பருப்பரைத்து வார்க்கும் அடைதான் மனத்தில் வரும். பல தலைமுறைகளாகத் தமிழில் புழங்கும் ‘ரொட்டி’யை வைத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

கையால் வீசுவதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பது வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு விளங்கும். கோதுமை மாவில் தண்ணீர் சேர்த்துப் பிசையும்போது அதிலுள்ள புரதங்கள் பின்னி, இழுபடும் வலையாகின்றன. பிசைந்த உடனே இழுத்தால் மாவு ரப்பராகச் சுருங்கும். உருண்டைகளை எண்ணெயில் மூழ்கவைத்துச் சில மணி நேரம் விட்டால் அந்த இறுக்கம் தளர்ந்து, கிழியாமல் அகலும். அரைக்கிலோ மைதாவுக்கு ஒரு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி இனிப்புக் கெட்டிப்பால், ஒரு தேக்கரண்டி உப்பு, ஏறத்தாழ 230 மில்லி தண்ணீர் என்ற அளவு வீட்டுக்குச் சரியாக வரும். தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றாமல், மாவு வாங்குவதைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். எட்டு முதல் பத்து உருண்டைகள் பிடித்து, மேலே நெய்யோ எண்ணெயோ தாராளமாகத் தடவி, குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் இரவு முழுவதும் மூடி வைக்கலாம். முட்டை சேர்ப்பதால், மதுரை வெயில் காலத்தில் இரவு முழுவதும் வைப்பதானால் குளிர்சாதனப் பெட்டிதான் சரி. வீசுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைக்கவேண்டும். வீசப் பழகாதவர்கள் எண்ணெய் தடவிய மேடையில் உருண்டையைத் தட்டி, விளிம்புகளை விரலால் வெளியே இழுத்துக்கொண்டே போனாலும் படலம் கிடைக்கும். ஓரிரு கிழிசல்கள் மடிப்பில் மறைந்துவிடும். கெட்டிப்பாலின் இனிப்பினால் இது நம் வீச்சைவிட விரைவில் சிவக்கும். கல்லின் சூடு மிதமாக இருக்கட்டும்.

மலாயாவில் இந்த ரொட்டியைப் பரப்பியவர்கள் தமிழ் முஸ்லிம்கள். இராமநாதபுரம், கடையநல்லூர், நாகூர் முதலிய பகுதிகளிலிருந்து சென்றவர்கள் நடத்திய கடைகளுக்கு ‘மாமாக்’ கடை என்று பெயர். இதை நம் ‘மாமா’வோடு தொடர்புபடுத்துவர். தாய்மாமனைக் குறிக்கும் மாமாக் என்ற சொல் சுமத்ராவைச் சேர்ந்த மினாங்கபாவ் மக்களிடமும் இருப்பதால், இரண்டும் ஒன்றையொன்று தாங்கியிருக்கலாம். ரொட்டி ஊர் மாற மாறப் பெயரும் மாறியது. சிங்கப்பூரில் அது ‘ரொட்டி பிராட்டா’, சுமத்ராவின் ஆச்சே, மேடான் பகுதிகளில் ‘ரொட்டி சானே’, பர்மாவில் ‘பலாட்டா’, மொரிசியசில் ‘ஃபராட்டா’. சானே என்பதைத் தவிர மற்றவை எல்லாம் பரோட்டாவின் உருவங்களே.

அக்கடைகளில் கேட்கும் உட்பிரிவுப் பெயர்களுக்கும் தமிழ் தேடி அலைய வேண்டியதில்லை. ‘ரொட்டி கோசோங்’ என்பதில் கோசோங் என்றால் வெறுமை. அது வெறும் வீச்சு. ‘தெலூர்’ முட்டை, ‘பாவாங்’ வெங்காயம். ‘ரொட்டி திசு’ காகிதம்போல் மெலிந்து கூம்பாக நிற்பது. ‘ரொட்டி பஞ்சிர்’ என்பதில் பஞ்சிர் என்றால் வெள்ளம். ரொட்டியைத் துண்டாக்கிக் குழம்பில் முக்கித் தருவது. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு அது மிதக்கும்வரை சால்னா ஊற்றச் சொல்லும் மதுரைக்காரர் இதற்குப் புதுப்பெயர் எதுவும் இல்லாமலே இதைத் தின்றுகொண்டிருக்கிறார். அரபியில் ‘அடுக்கியது, மடித்தது’ என்று பொருள்படும் ‘முதப்பக்’ என்பதிலிருந்து வந்த ‘முர்த்தபாக்’, முட்டையும் கறியும் உள்ளே வைத்து மடித்தது; இங்கே லாபா என்றும் சிலோன் பரோட்டா என்றும் விற்பதன் உறவினர்.

உடன் வரும் ‘தே தாரிக்’ என்பதில் தாரிக் என்றால் இழுத்தல். இதை ‘இழுத்த தேநீர்’ என்று எழுதுவதைப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. குவளைக்குக் குவளை உயர்த்தி ஊற்றுவதை நாம் ஆற்றுதல் என்கிறோம். டீ ஆற்றாத டீக்கடை மதுரையில் உண்டா? ஆற்றிய தேநீர் என்றால் போதும். பினாங்கின் ‘நாசி கண்டார்’ என்பதில் கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவடித் தண்டு. சோற்றையும் குழம்பையும் இருபுறமும் தொங்கவிட்டு விற்றதால் வந்த பெயர் அது. காவடிச் சோறு என்று சொன்னால் பரங்குன்றத்துக்குக் காவடி எடுப்பவருக்கும் உடனே உருவம் கண்ணில் நிற்கும்.

வழக்கில் இப்படிக் கொள்ளலாம். மலேசிய உணவு என்ற அடையாளத்தோடு, அதற்குரிய குழம்போடு வருவதைக் குறிக்கும்போது, ஒரு நாட்டு உணவின் சிறப்புப் பெயராக ‘ரொட்டி சானாய்’ என்றே எழுதி, முதன்முறை வருமிடத்தில் ‘மலேசிய வீச்சு ரொட்டி’ என்று விளக்கம் தரலாம். சமையற்குறிப்பிலும் பொதுப்பேச்சிலும் வீச்சு ரொட்டி போதுமானது. எழுத்துப்பிழை பற்றி ஒரு சொல்: ‘வீச்சு’ வன்றொடர்க் குற்றியலுகரம் ஆதலால் வல்லினம் வருமிடத்தில் மிகும். கடைப்பலகையில் ‘வீச்சு பரோட்டா’ என்று இருந்தாலும் எழுத்தில் ‘வீச்சுப் பரோட்டா’ என்பதே சரி. ரகரம் இடையினம் ஆகையால் ‘வீச்சு ரொட்டி’யில் ஒற்று மிகாது.