அந்தத் துருவைச் சுரண்டாதீர்கள்

"இது கெல்டிக் வாளா? என்ன விலை போகும்?" என்று படம் அனுப்புகிறவர்களில் பலர், அதற்கு முன்பே கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள். தொல்லுலோகப் பாதுகாப்பு வேலையில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

கெல்டுகள் எனப்படும் பழங்கால ஐரோப்பிய மக்களோடு சேர்த்துப் பேசப்படும் இரும்புக்காலப் பண்பாடு லா தேன்; கி.மு. 450-ஐ ஒட்டித் தொடங்கும் அந்தக் காலத்து வாள்கள் இரும்பால் ஆனவை. மண்ணில் கிடக்கும்போது உறையின் மரம், தோல், மேலே சுற்றிய துணி எல்லாவற்றிலும் துரு ஊறி, இழையின் வடிவம்கூட அப்படியே தங்கிவிடுவதுண்டு. துணி எப்படி நெய்யப்பட்டது என்பதை அந்தத் துருவில் படிக்கலாம். எக்ஸ்-ரே எடுத்தால் கொல்லர் குத்திய முத்திரைகூடச் சில வாள்களில் தெரியும். பிரஷ் பட்டால் துணியும் மரமும் தூள்தான்.

வளைந்த வாளை நிமிர்த்துகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வேல்ஸில் ஆங்கிள்சி தீவின் லின் கெரிக் பாக் ஏரியில், வேண்டுமென்றே வளைத்தும் உடைத்தும் நீருக்குள் இட்ட காணிக்கைகள் கிடைத்தன. இரண்டாம் உலகப் போரின்போது விமானதளம் கட்டியவர்கள், அங்கே கிடைத்த அடிமைச் சங்கிலியால் சேற்றில் சிக்கிய லாரிகளை இழுத்தார்களாம்! வாளின் வளைவே ஒரு சடங்கின் சாட்சி.

சந்தையில் 'கெல்டிக்' என்று விற்கும் இலை வடிவ வெண்கல வாள்களில் பல, லா தேன் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் முந்தைய வெண்கலக் காலத்தவை. இரும்புக்கால வெண்கலம் பெரும்பாலும் செம்பும் வெள்ளீயமும்தான்; துத்தநாகம் அதிகம் இருந்தால் போலியோ என்று சந்தேகப்படுவேன். வார்ப்பு அச்சின் விளிம்புக்கோடு, எங்கும் ஒரே சீரான பச்சை நிறம் இரண்டையும் நான் நம்புவதில்லை.

விலையை முடிவுசெய்வதில் பெரும்பங்கு, பொருள் எங்கே, எந்த ஆழத்தில், எதனுடன் கிடைத்தது என்பதற்கு உண்டு. அந்த விவரம் இல்லாத பொருளைப் பொறுப்புள்ள அருங்காட்சியகம் வாங்காது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், வரலாற்றுக்கு முந்தைய உலோகப் பொருள்கள் இரண்டோ அதற்கு மேலோ ஒன்றாகக் கிடைத்தால், 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் கொரோனரிடம் (சந்தேக மரணங்களையும் புதையல்களையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் வெகுமதி உண்டு. சுத்தம் செய்கிறேன் என்று கெடுத்திருந்தால் அது குறையும். ஒற்றை வாளானாலும், ஒட்டிய மண்ணோடு பெட்டியில் வைத்து, உங்கள் பகுதியின் தொல்பொருள் தொடர்பு அலுவலரிடம் காட்டுங்கள். அடையாளம் சொல்ல அவர்கள் பணம் வாங்குவதில்லை.