ஊசிக்கும் இட்லிக்கும் நடுவே அரை மணி நேரம்

காலை ஏழரைக்கு அம்மா ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து இன்சுலின் குப்பியை எடுப்பார். அடியில் வெள்ளையாக மாவு படிந்திருக்கும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, விளக்குக்குத் திரி திரிப்பது போல மெதுவாக உருட்டுவார். வெள்ளை கலைந்து குப்பி முழுக்கப் பால் நிறம் ஆனதும், சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்து வயிற்றில் போட்டுக்கொள்வார். அதன் பிறகு கடிகாரம். எட்டு மணி ஆகாமல் இட்லித் தட்டைத் தொடமாட்டார்.

"எதுக்கும்மா அரை மணி?" என்று ஒருநாள் கேட்டேன். "நர்சம்மா சொன்னாங்க, அவ்வளவுதான்" என்றார்.

உருட்டு, குலுக்காதே, இடத்தை மாற்றிப் போடு, ஃப்ரீசரில் வைக்காதே. எல்லாமே கட்டளைகள். ஒன்றுக்கும் யாரும் காரணம் சொன்னதில்லை. காரணம் தெரியாமல் பின்பற்றும் கட்டளை நாளாக ஆக நழுவிவிடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆரோக்கியமான ஒருவரின் உடலில் ஓடும் மொத்த ரத்தத்திலும் கரைந்திருக்கும் சர்க்கரை சுமார் 5 கிராம்தான், ஒரு தேக்கரண்டி அளவு. ஒரே ஒரு இட்லியில் உள்ள மாவுச்சத்தே அதைவிட அதிகம். நான்கு இட்லி உள்ளே போனால் அந்தச் சர்க்கரை ரத்தத்தில் தேங்காமல் வேறெங்காவது போயாக வேண்டும். அதற்கு வழி செய்வதுதான் கணையம் சுரக்கும் இன்சுலின். தசைச் செல்களிலும் கொழுப்புச் செல்களிலும் சர்க்கரை நுழைவதற்கான வாயில்கள் செல்லின் உட்புறத்தில் ஒதுங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து செல்லின் மேற்பரப்பைத் தொட்டதும் அவை மேலே ஏறிவந்து பதிந்துகொள்கின்றன. அதே நேரம் கல்லீரலுக்கும் செய்தி போகிறது: வெளியிலிருந்து வரத்து இருக்கிறது, நீ சர்க்கரை தயாரிப்பதை நிறுத்து. (தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் இல்லாமலேயே அந்த வாயில்கள் கொஞ்சம் மேலே வரும். சாப்பிட்டபின் நடந்தால் சுகர் இறங்குவது அதனால்தான்.)

இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள் இரண்டு சங்கிலிகளாகக் கோத்தது. மாத்திரையாக விழுங்கினால் பருப்பைச் செரிப்பது போலவே குடல் அதையும் செரித்துவிடும். அதனால் ஊசிதான். 1922 ஜனவரியில் டொரான்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டபோது பெரிய பலன் இல்லை, போட்ட இடம்தான் புண்ணானது. உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் இன்னும் சுத்தமாகப் பிரித்தெடுத்த கணையச் சாற்றை 12 நாள் கழித்துப் போட்டார்கள். பையனின் சர்க்கரை இறங்கியது.

சரி, அந்த அரை மணி? குப்பிக்குள் இன்சுலின் மூலக்கூறுகள் தனித்தனியாக மிதப்பதில்லை. ஆறு ஆறாகச் சேர்ந்து, நடுவில் துத்தநாகத்தை வைத்துக்கொண்டு, கும்மியடிக்க வட்டம் கட்டியது போல நிற்கின்றன. பிரிட்டிஷ் வேதியியலாளர் டாரத்தி ஹாட்ஜ்கின் 1930-களில் எக்ஸ்ரே படம் எடுக்கத் தொடங்கி, 1969-ல்தான் இந்த அமைப்பை முழுதாகக் கண்டார். அவரது குழுவில், பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய எம். விஜயனும் இருந்தார். ஆறு பேர் சேர்ந்த வட்டம் ரத்தக்குழாய்க்குள் எளிதில் நுழையாது, உருவம் பெரிது. தோலுக்கடியில் போன மருந்து உடல்நீரில் கரைந்து, ஆறு இரண்டாகி, இரண்டு ஒன்றாகிப் பிரிந்தால்தான் உள்ளே போகும். அதற்குத்தான் அந்த அரை மணி. ஊசி போட்ட கையோடு சாப்பிட்டால் இட்லியின் சர்க்கரை முந்திக்கொள்ளும். போட்டுவிட்டு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டு உட்கார்ந்தால் இன்சுலின் முந்திக்கொள்ளும். வியர்வை, நடுக்கம், கண் இருட்டல் வரும். அளந்து பார்த்து 70-க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட வேண்டும்.

1996-ல் வந்த லிஸ்ப்ரோ என்ற இன்சுலினில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றி வைத்தார்கள். கைப்பிடி தளர்ந்தது, வட்டம் சீக்கிரம் கலைகிறது. அதைப் போடுபவர்களுக்கு அரை மணி காத்திருப்பு இல்லை. அவரவர் போடுவது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவ்வளவு முக்கியம்.

அம்மா போடுவது 30/70 கலவை. மேலே தெளிந்து நிற்கும் நீரில் இருப்பது 30 பங்கு சாதாரண இன்சுலின். அடியில் படியும் வெள்ளைதான் மீதி 70 பங்கு, மீனிலிருந்து முதலில் எடுக்கப்பட்ட புரோட்டமின் என்ற புரதத்தோடு பிணைத்த இன்சுலின் படிகங்கள். மெல்லக் கரைந்து பாதிநாள் தாங்கும். உருட்டாமல் இழுத்தால் விகிதம் கெட்டு, காலையில் தாழ்ந்த சுகர் மாலையில் எகிறும். குலுக்கினாலோ நுரை வந்து அளவு பிசகும், புரதமும் காற்றோடு உரசித் திரளும். உறைந்துபோனாலும் படிகங்கள் கட்டிதட்டிவிடும். அந்தக் குப்பியைத் தூக்கி எறிய வேண்டியதுதான். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், கசியும் மண்பானையில் குப்பியை ஈரம் படாமல் வைத்தாலே வெயில் காலத்தில் பெரிய உதவி.

அந்தச் சிவப்பு மூடியை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். பேனா போன்ற ஊசிக் கருவியில் போடுவது 100 யூனிட். சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. பேனா கெட்டுவிட்டதே என்று அதிலுள்ள மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உள்ளே இருப்பது 50 யூனிட். மயங்கி விழ அது போதும். மாறாக, குப்பி மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், 20 என்று நினைத்து 8 யூனிட்தான் போகும். குப்பியையும் மூடியையும் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள்.

போன வருடம் அம்மாவுக்கு யூனிட் ஏறிக்கொண்டே போனது, சுகர் மட்டும் இறங்கவில்லை. "இன்சுலின் ஆரம்பிச்சாலே கடைசிக் கட்டம்தான்" என்று சொந்தக்காரர்கள் வேறு பயமுறுத்தினார்கள். அது தலைகீழ்ப் பேச்சு. ஊசியைப் பயந்து தள்ளிப்போட்ட ஆண்டுகளில் ஏறிய சர்க்கரைதான் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. டாக்டர் அம்மாவின் வயிற்றை விரலால் தடவிப் பார்த்தார். தொப்புளுக்கு இடப்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு மெத்தென்று ஒரு கட்டி. அங்கே வலிக்காது என்று தினமும் அதே இடத்தில் போட்டிருக்கிறார். கொழுப்பைச் சேர்த்துவை என்று சொல்வதும் இன்சுலினின் வேலைதானே. தினமும் அந்தச் செய்தியைக் கேட்ட செல்கள் பருத்துவிட்டன. அதற்குள் போன மருந்து ஒருநாள் தேங்கியது, ஒருநாள் மொத்தமாக இறங்கியது.

கட்டியை விட்டு வலப்பக்கம், தொடை என்று தினமும் இரண்டு விரல்கடை தள்ளித் தள்ளிப் போடச் சொன்னார். நல்ல இடத்தில் மருந்து முழுதாக ஏறிவிடும் என்பதால் யூனிட்டையும் அன்றே குறைத்து எழுதிக் கொடுத்தார். இப்போது எங்கள் வீட்டு நாட்காட்டியில் தேதிக்குப் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் ஓர் எழுத்து இருக்கும். வ என்றால் வலது, தொ என்றால் தொடை.