எந்தக் கேள்விக்கு எந்தக் கணிப்பு மாதிரி? மருந்து ஆய்வில் முதலில் தெளிய வேண்டியது

‘இந்த மூலக்கூறுகளுக்கு நச்சுத்தன்மை உண்டா என்று பார்த்துச் சொல்லுங்கள்.’ இப்படி ஒரு கோரிக்கை வந்ததும், பெயரில் ‘நச்சு’ என்றிருக்கும் கணினிக் கணிப்பு மாதிரியைத் தேடி ஓட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு மாதிரியும் மூலக்கூறின் அமைப்பைப் பார்த்து ஏதோ ஓர் ஆய்வகச் சோதனையின் முடிவைத்தான் ஊகிக்கிறது. ஏம்ஸ் என்ற சோதனையில் சால்மொனெல்லா பாக்டீரியாவுக்கு மரபணு மாற்றம் நேருமா? இதயச் செல்களில் பொட்டாசியத்தைக் கடத்தும் ஹெர்க் என்ற வாய்க்கால் அடைபடுமா? கல்லீரல் செல்கள் சாகுமா? கேட்பவருக்கு இதில் எது வேண்டும் என்பதே முதல் வேலை.

டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்தை எடுத்துக்கொள்வோம். அது ஹெர்க் வாய்க்காலை அடைக்கும். ஆனால் சிஒய்பி3ஏ4 என்ற நொதி அதை விரைவாக ஃபெக்ஸோஃபெனடினாக மாற்றிவிடுவதால் இரத்தத்தில் மிகக் குறைவாகவே தங்கும். கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தும் சேர்ந்து உட்கொண்டால் அந்த நொதி முடங்கும். டெர்ஃபெனடின் தேங்கி இதயத்துடிப்பைக் குலைக்கும். 1998இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது. ‘இதயத்துக்குப் பாதுகாப்பானதா’ என்ற ஒரே கேள்விக்குள் குறைந்தது இரண்டு மாதிரிகளுக்கு வேலை இருக்கிறது. அதிலும் சிஒய்பி3ஏ4 மாதிரிகள் இரு வகை: மூலக்கூறு நொதியை முடக்குமா என்று சொல்வது ஒன்று, நொதி மூலக்கூறை மாற்றுமா என்று சொல்வது மற்றொன்று. கீட்டோகோனசோலின் ஆபத்தை முதலாவது காட்டும், டெர்ஃபெனடினின் ஆபத்தை இரண்டாவது காட்டும். பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தால் இவை எளிதில் இடம் மாறிவிடும்.

தொற்றுநோய்களிலும் இதே சிக்கல்தான். மலேரியா என்றால் சிவப்பணுவில் பெருகும் நிலையா, கல்லீரல் நிலையா, கொசுவுக்குப் பரவும் நிலையா? சோதித்தது குளோரோகுயின் மருந்துக்குப் பணியும் 3டி7 என்ற ஒட்டுண்ணி வகையிலா, எதிர்த்து நிற்கும் டிடி2 வகையிலா? ஈ. கோலை பாக்டீரியாவின் தரவில் பயின்ற மாதிரியைக் காசநோய்க் கிருமிக்கு ஓட்டினாலும் ஒரு எண் வரத்தான் செய்யும். மைகாலிக் அமிலம் என்ற மெழுகு போன்ற கொழுப்பு நிறைந்த காசநோய்க் கிருமியின் செல்சுவரை அந்த மாதிரி பார்த்ததே இல்லை என்பதால் அந்த எண்ணை நம்ப முடியாது.

சோதனை பொருந்தினாலும், மாதிரி பயின்ற தரவோடு மூலக்கூறும் பொருந்த வேண்டும். மூலக்கூறின் அமைப்பை 0, 1 வரிசையாக எழுதும் மோர்கன் கைரேகையில் (ஆரம் 2, 2048 பிட்), பயிற்சித் தரவின் மிக நெருங்கிய சேர்மத்தோடு 0 முதல் 1 வரையுள்ள டானிமோட்டோ ஒப்புமையைக் கணக்கிடுங்கள். 0.3க்குக் கீழே போனால் அந்தக் கணிப்பை வைத்து முடிவெடுக்கச் சொல்ல மாட்டோம். ஒப்புமை 0.8 இருந்தாலும் முழு உத்தரவாதமில்லை. ஒரே ஒரு மெத்தில் தொகுதி கூடியதால் செயல்திறன் நூறு மடங்கு மாறுவதுண்டு.

மூலக்கூறின் அமைப்பை எழுத்துகளால் எழுதும் ஸ்மைல்ஸ் வரியில் ஹைட்ரோகுளோரைடு உப்பு ஒட்டியிருந்தால் நீக்குங்கள். இல்லையேல் மூலக்கூறு எடையும் கைரேகையும் பிசகும். அலகையும் பாருங்கள். கரைதிறனின் (மோலார் அலகில்) மடக்கை மதிப்பு -4 என்றால் 100 மைக்ரோமோலார்; மூலக்கூறு எடை 400 ஆனால் மில்லிலிட்டருக்கு 40 மைக்ரோகிராம். இலக்கின் செயல்பாட்டைப் பாதியாகக் குறைக்கும் செறிவே ஐசி50; அதன் எதிர்மறை மடக்கை பிஐசி50. ஐசி50 மதிப்பு 10 மைக்ரோமோலார் என்பது பிஐசி50 அளவில் 5. ஒன்றில் எண் கூடினால் வீரியம் குறைவு, மற்றதில் எண் கூடினால் வீரியம் அதிகம். வரிசைப்படுத்தும்போது தலைகீழாகிவிடும்.

கடைசியாக, எத்தனை மூலக்கூறுகளை ஆய்வகத்தில் சோதிக்க முடியும் என்று கேட்டுவிடுங்கள். 10,000 மூலக்கூறுகளில் 100 மட்டுமே செயல்படுபவை என்று வைத்துக்கொள்வோம். உணர்திறன் (செயல்படுபவற்றைச் சரியாகப் பிடிப்பது), தனித்தன்மை (செயல்படாதவற்றைச் சரியாக ஒதுக்குவது) இரண்டும் 90 சதவீதமுள்ள மாதிரி 1,080ஐத் தேர்ந்தெடுக்கும். அதில் 990 தவறானவை. ஐம்பதைத்தான் சோதிக்க முடியும் என்றால், முதல் 50 இடங்களில் எத்தனை உண்மையானவை வருகின்றன என்பதை வைத்தே மாதிரிகளை ஒப்பிட வேண்டும்.