கிணற்றுக்கு மேல் ஒரு தோட்டம்

என் மேசைக்கு வருகிற நோயாளிகள் எல்லோரும் ஷொப்பிங் பையில்தான் வருவார்கள். சுருண்ட கொச்சிக்காய்க் கொப்பு, மஞ்சளடித்த பாகல் இலை, ஓரம் கருகிய ரோசா இலை, அடி கறுத்த தக்காளி. பையை மேசையில் கவிழ்த்துவிட்டு, கதிரையில் உட்காருவதற்கு முன்னமே கேள்வி வந்துவிடும்: “மிஸ், இதுக்கு என்ன மருந்து அடிக்கிற?”

மட்டக்களப்பில் விவசாயப் போதனாசிரியையாக வேலை பார்க்கிற எனக்கு இது பழகிப்போன கேள்வி. நான் திருப்பிக் கேட்பதும் பழகிப்போன ஒன்றுதான்: “கிணறு எங்க இருக்கு? செடி எங்க இருக்கு?” வந்தவர் என்னை ஒருமாதிரிப் பார்ப்பார். இலையைக் கொண்டுவந்தால் இவள் கிணற்றைப் பற்றிக் கேட்கிறாளே என்று.

காரணம் இருக்கிறது. கல்லடியில் இருந்து தெற்கே காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று கல்முனை வரைக்கும் போகிற எழுவான்கரை ஒரு மணல் திட்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டும் உப்பு. நடுவில் இருக்கிற மணலுக்குள் மாரி மழை இறங்கித் தேங்குகிறது. உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் பாரம் குறைவு என்பதால் அது கீழே போய்க் கலந்துவிடாமல் உப்பின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நமது கிணறுகள் எல்லாம் அந்த மிதக்கிற தண்ணீரைத்தான் தொட்டுக்கொண்டிருக்கின்றன. பல வளவுகளில் பத்தடி தோண்டுவதற்குள் தண்ணீர் வந்துவிடும். அதைப் பெருமையாகவும் சொல்வோம். ஆனால் தண்ணீர் பத்தடியில் இருக்கிறது என்றால், செடிக்கு ஊற்றுகிற எதுவும் பத்தடி இறங்கினால் தண்ணீரைத் தொட்டுவிடும். நடுவில் தடுக்கக் களிமண் கிடையாது.

இதை நான் புத்தகத்தில் படித்திருந்தும் பட்டுத்தான் அறிந்தேன். வேலையின் முதல் வருடங்கள் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில். அங்கே வயல் மண், களி கலந்தது. பசளை போட்டால் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுகா இடமாற்றம் கிடைத்து எழுவான்கரைக்கு வந்து, வாடகை வீட்டு வளவில் கத்தரி, வெண்டி, நாலு மல்லிகை என்று வைத்தேன். மணல் வெளிறிக் கிடந்தது. பசளை குடுத்தால் சரியாகும் என்று நினைத்தேன். கோழி வளர்க்கும் ஒருவர் மலிவாகக் கோழி எரு தந்தார். மூட்டை மூட்டையாக வாங்கி, கிணற்றுக்குப் பக்கத்தில் குவித்து, ஒரு மாதம் அள்ளி அள்ளிப் போட்டேன். கத்தரி கடும் பச்சையாக எழும்பியது, பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். அந்த மாரி முடிந்ததும் வேறு ஏதோ தேவைக்காகக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டி நின்றது. குடிதண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற எல்லை அந்த 50தான். ஊருக்கு உபதேசம் செய்கிறவளின் கிணறு!

நைத்திரேற்று என்பது நாம் போடும் யூரியாவும் எருவும் மண்ணில் உடைந்து கடைசியில் வந்து நிற்கிற வடிவம். செடி அதைத்தான் விரும்பி உறிஞ்சும். உறிஞ்சியது போக மிஞ்சியதை மணலால் பிடித்து வைக்க முடியாது. மழையோ, நாம் இறைக்கும் தண்ணீரோ கீழே கொண்டுபோய்விடும். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. பெரியவர்களுக்குச் சட்டென்று ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கதை வேறு. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கிற திறன் குறைந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறோம் என்று தாய்மார் சொல்வார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்றுவதால் அது இன்னும் செறியும். குளோரின் போட்டும் பயனில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில் கிணற்றைச் சுற்றித் தோட்டம் இருந்தால், தண்ணீரை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். அதுவரை குழந்தைக்கு வேறு தண்ணீர்.

‘இயற்கை எருதானே, எவ்வளவு போட்டாலும் என்ன’ என்ற நினைப்பு 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்த காலத்தில் இன்னும் வலுத்தது. அடுத்த வருடம் பொருளாதார நெருக்கடியில் வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையும் கொடுத்தார்கள். (அந்த வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குத்தான் வேலை கூட.) எரு கிடைத்தவர்கள் கிடைத்ததெல்லாம் கொட்டினார்கள். கோழி எருவில் இருந்து வருகிற நைத்திரேற்றும் யூரியாவில் இருந்து வருகிற நைத்திரேற்றும் கிணற்றுக்குள் போனபிறகு ஒன்றுதான்.

சரி, மணலில் எப்படித்தான் நடுவது? மணலுக்குப் பசளை கொடுப்பதைவிட, மணலுக்கு வயிறு கொடுக்க வேண்டும். நான் செய்து பார்த்துப் பலித்தது குழி முறை. ஒன்றரை அடி ஆழமும் அதே அகலமுமாக ஒரு குழி. அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையைத் தும்புப் பக்கம் மேலே பார்க்கும்படி இரண்டு அடுக்கு. அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் மக்கிய மாட்டெரு, சருகு, கிடைத்தால் படுவான்கரைப் பக்கத்துக் குளத்து வண்டல் ஒரு பங்கு, வளவு மணல் ஒரு பங்கு. வண்டல் ஒரு உரப்பை கிடைத்தாலே நாலைந்து குழிக்குப் போதும். களித்தூள்தான் பசளையைப் பிடித்து வைக்கும். தும்புத் தூள் சேர்ப்பவர்கள் அதை முதலில் இரண்டு மூன்று தரம் தண்ணீரில் அலசுங்கள், அதிலும் உப்பு இருக்கும். அரிசி ஆலையில் கிடைக்கிற உமியைக் கரியாக்கிச் சேர்த்தாலும் நல்லது. நட்டபின் மணல் வெறுமையாகத் தெரியக் கூடாது. சருகு, கிடுகுத் துண்டு, வைக்கோல், எதையாவது போட்டு மூடுங்கள். மாரி தொடங்கும்போது மட்டும் கதை மாறும். ஒக்டோபருக்குப் பிறகு நடுவதென்றால் குழி வேண்டாம், மேட்டுப் பாத்தி. இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும்.

யூரியா போடவே கூடாது என்று நான் சொல்வதில்லை. பிடி பிடியாக அடியில் வீச வேண்டாம். பத்து லீற்றர் வாளியில் ஒரு மேசைக்கரண்டி கரைத்து, செடிக்கு ஒரு லீற்றர் வீதம், பத்து நாளைக்கு ஒருமுறை. மழை இருட்டிக்கொண்டு வரும் நாளில் கொடுக்காதீர்கள். காசு கிணற்றுக்குள் போகும். எருக் குவியலைக் கிணற்றில் இருந்து எட்டவே வையுங்கள். கழிவறைக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி தூரம் வேண்டும் என்பார்களே, எருக் குவியலுக்கும் நான் அதே கணக்கைத்தான் வைத்திருக்கிறேன்.

இனி உப்பு. மே மாதத்தில் வறண்ட கச்சான் காற்று தொடங்கியதும் ஓரம் கருகிய இலைகள் பை பையாக வரும். நோய் என்று நினைப்பார்கள். இலையின் நுனியும் ஓரமும் மட்டும் காய்ந்து, நடுப்பகுதி பச்சையாகவே இருந்து, சாடியின் விளிம்பில் வெள்ளைப் படையும் படிந்திருந்தால் அது பெரும்பாலும் தண்ணீரில் உள்ள உப்பு. மழை இல்லாத மாதங்களில் மிதக்கிற நல்ல தண்ணீர் மெலிந்துகொண்டே போகும். மோட்டரைப் போட்டு ஒரு மணித்தியாலம் தொடர்ந்து இறைத்தால், நல்ல தண்ணீரின் மட்டம் இறங்குவதைவிடப் பலமடங்கு உப்பு கீழிருந்து மேலே ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு இதைக் கண்ணால் கண்டோம். கடல் புகுந்த கிணறுகளை மோட்டர் வைத்து இறைத்து இறைத்துச் சுத்தம் செய்யப் பார்த்த இடங்களில் உப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடியது. கடைசியில் அடுத்தடுத்து வந்த மாரிதான் கழுவிக் கொடுத்தது. ஆகவே கச்சான் காலத்தில் காலையில் கொஞ்சம், பொழுதுபட்டபிறகு கொஞ்சம், வாளியால் அள்ளி வேரடியில் ஊற்றுங்கள். ரோசாவும் போஞ்சியும் உப்பைத் தாங்காது. நித்தியகல்யாணி, கடதாசிப்பூ தாங்கும். உப்புக் கிணறு உள்ள வீட்டில் ரோசாவுக்காக அழுவதில் அர்த்தமில்லை என்பது என் கருத்து. ஆசை விடாது என்றால் கூரைத் தண்ணீரை மூடிய தொட்டியில் சேமித்து அதற்கு மட்டும் ஊற்றலாம். மூடாத தொட்டியும் சாடித் தட்டில் நிற்கிற தண்ணீரும் டெங்கு நுளம்புக்கு வீடு.

அப்புறம் அந்தச் சுருண்ட கொச்சிக்காய் இலை. இதற்குத்தான் அதிகம் பேர் மருந்து அடிக்கிறார்கள், இதில்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். இலை மேல் நோக்கி வள்ளம் போல மடிந்தால் பனிப்பூச்சி. கீழ் நோக்கி மடிந்து காம்பு நீண்டால் சிற்றுண்ணி. இரண்டும் இல்லாமல் புள்ளி விழுந்து, இலை சிறுத்து, செடியே குறண்டி நின்றால் வைரசு. அதற்கு மருந்து கிடையாது, பிடுங்கி எரிப்பதுதான். சிற்றுண்ணி பூச்சி இனமே அல்ல. பூச்சிநாசினி அடித்தால் அதைத் தின்கிற நல்ல பூச்சிகள் செத்து, உண்ணி முன்னைவிடப் பெருகும். இலையைத் திருப்பிப் பார்க்காமல் மருந்து அடிப்பது, நாடி பிடிக்காமல் ஊசி போடுவது மாதிரி.

அடித்த மருந்து எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், பெரும்பாலும் வயலுக்கு வாங்கி மிஞ்சியது. ஒருமுறை ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். “இஞ்ச பாருங்க புள்ள, இதத்தான் மகன் தந்தவன்” என்று அடுப்படித் தட்டில் இருந்து ஒரு சாராயப் போத்தலை எடுத்துக் காட்டினார். பால் நிறத்தில் பாதி இருந்தது. பெயரில்லை, அளவில்லை, எந்த வருடத்தது என்று அவருக்கும் தெரியாது. பக்கத்தில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல். பேரன் தவழ்ந்துகொண்டிருந்தான். அன்று கொச்சிக்காயைப் பற்றி நாங்கள் பேசவேயில்லை. கடையில் வாங்கும் மருந்தின் லேபலில், அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று போட்டிருக்கும். சாராயப் போத்தலில் அது கிடையாது. லேபல் இருந்தாலும் கணக்குச் சரிவராது: ஏழு நாள், பதினாலு நாள் என்று இருக்கும், கத்தரியும் வெண்டியும் மூன்று நாளைக்கு ஒருமுறை பறிக்கிறோம். அடித்துவிட்டுப் பறிக்காமல் எத்தனை பேர் இருப்பார்கள்? மருந்து தெளிக்கிற தாங்கியைக் கழுவுவதும் கிணற்றடியில்தான்.

பத்துச் செடிக்குக் கை போதும். கத்தரியில் வாடி நிற்கிற குருத்தை, உள்ளே புழு இருக்கும்போதே வெட்டி எரியுங்கள். அந்தப் புழுதான் மறுகா காய்க்குள் போவது. பாகற்காய் விரலளவு வந்ததும் பத்திரிகைத் தாளில் கூடு செய்து மூடினால் பழ ஈ முட்டையிட முடியாது. வெண் ஈக்கு மஞ்சள் பிளாஸ்ரிக் தட்டில் கிறீஸ் பூசித் தொங்கவிடலாம். அதற்கும் மேலே தேவைப்பட்டால் வேப்பம் விதை 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடித்து, சவர்க்காரம் கொஞ்சம் கலந்து பின்னேரத்தில் இலைக்கு அடியில் தெளியுங்கள். அடி கறுத்த தக்காளிக்கு இதுவும் வேண்டாம். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாய் ஊற்றினால் செடியால் கல்சியத்தைக் காய்க்குக் கொண்டுபோக முடியாது. தண்ணீரைச் சீராகக் கொடுங்கள்.

பூவுக்கு அடிக்கலாமே, சாப்பிடுகிறதில்லையே என்பார்கள். மல்லிகைக்குப் பக்கத்தில் வல்லாரையும் கறிவேப்பிலையும் நிற்கும், காற்று அவற்றை விலக்கிவிட்டுப் போகாது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் பூக் கட்டுகிற பெண்கள் நாரைப் பல்லால் கடித்துத்தான் கிழிப்பார்கள். செடிக்குள் ஊடுருவும் வகை மருந்தென்றால் பூவின் தேனுக்கும் வந்துவிடும். தேனீ அண்டாத வளவில் பாகலும் பூசணியும் பூவோடு நின்றுவிடும். அதற்கும் ஒரு பை என் மேசைக்கு வரும், ‘காய் பிடிக்குதில்ல மிஸ்’ என்று.

வருகிறவர்கள் வரட்டும். கமநல சேவை நிலையத்துக்கு வருவதற்கு முன் 1920 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம், விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவை அது. நேரில் வந்தால் ஒரு இலையை மட்டும் கிள்ளி வராதீர்கள். நல்ல இலை ஒன்று, கெட்ட இலை ஒன்று, முடிந்தால் வேரோடு ஒரு செடி, பொலித்தீனில் அவியவிடாமல் பத்திரிகைத் தாளில் சுற்றி. கூடவே ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர். போத்தலில் என்ன இருக்கிறது என்று மேலே எழுதி ஒட்டிவிடுங்கள்.