ஜாவாதானே, எங்கே போட்டாலும் ஓடும் என்கிறவர்களுக்கு

போன வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி இருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வாசலில் நிற்கும்போது போன் வந்தது. ஷா ஆலாமில் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தில் வேலை செய்யும் பையன். "அக்கா, சர்வர் ஓடுது. ஆனா பில்லுல வரி பூஜ்யம்னு வருது. எல்லா பில்லுலயும் இல்ல, ஒண்ணு ரெண்டுல மட்டும்."

"எப்போ ஆர்ம் சிப் சர்வருக்கு மாத்தினீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "செவ்வாய்க்கிழமை அக்கா. ஜாவாதானே, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்க."

இதே வாக்கியத்தை இந்த வருடம் நான்காவது முறையாகக் கேட்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் நடுத்தர நிறுவனங்களுக்கு ஜாவா நிரல்களை ஓட்டும் டாம்கேட், வைல்டுஃபிளை போன்ற அப்ளிகேஷன் சர்வர்களை நிறுவிப் பராமரிப்பது என் தொழில், பதினாறு வருடமாக. ஐந்தாவது போன் வருவதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. இன்டெல், ஏஎம்டி செய்கிற எக்ஸ்86 சிப்புகளுக்கு மாற்றாக வந்திருக்கும் ஆர்ம் சிப்புக்கு நான் எதிரி இல்லை. அமேசான் தன் கிளவுட் சர்வர்களுக்கான ஆர்ம் சிப்பான முதல் கிராவிட்டனை 2018 நவம்பரில் அறிவித்தது. ஆரக்கிள் கிளவுடில் ஆம்பியர் சிப் இருக்கிறது, கூகுளிடம் ஆக்ஸியன் இருக்கிறது. 2024 ஆகஸ்ட்டில் அமேசானின் மலேசிய கிளவுட் மண்டலமும் திறந்துவிட்டது. 2025 மார்ச்சில் நம் அரசாங்கமே பத்து வருடத்தில் 250 மில்லியன் அமெரிக்க டாலர் தருவதாக ஆர்ம் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. மாதக் கட்டணம் குறைகிறது என்றால் முதலாளிகள் மாற்றத்தான் சொல்வார்கள், சொல்லட்டும். நானே பல வாடிக்கையாளர்களை மாற்றிக் கொடுத்திருக்கிறேன், அவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். மாற்றுகிற விதம்தான் என்னை எழுத வைக்கிறது.

"ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு" என்று 1990களில் சன் நிறுவனம் ஜாவாவை விற்றது. அது பைட்கோடைப் பற்றிய பேச்சு. நீங்கள் எழுதிய ஜாவாக் கோப்பு பைட்கோடாக மாறுகிறது, அது எந்தச் சிப்பையும் சேர்ந்தது இல்லை, சரி. ஆனால் பைட்கோடு தானாக ஓடுவதில்லை. அதை ஓட்டுகிற ஜேவிஎம் அந்தந்தச் சிப்புக்கென்றே எழுதப்பட்ட நிரல். ஜேவிஎம் கூப்பிடுகிற சி நூலகங்கள் அந்தந்தச் சிப்பின் மொழிக்கென்றே மாற்றப்பட்டவை, அதாவது கம்பைல் செய்யப்பட்டவை. அடியில் இருக்கிற லினக்ஸ் கெர்னல் அப்படி, நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒன்றாகக் கட்டிய டாக்கர் இமேஜ் அப்படி, கண்காணிப்பு ஏஜென்ட் அப்படி, பேக்கப் ஏஜென்ட்டும் அப்படி. உங்கள் அப்ளிகேஷன் என்பது இத்தனையும் சேர்ந்தது. உங்கள் நிரலைப் பொதிந்து வைத்த வார் கோப்பு மட்டும் உங்கள் அப்ளிகேஷன் என்று நினைப்பதில்தான் எல்லாத் தொல்லையும் தொடங்குகிறது. மாவு அதே மாவாக இருக்கலாம், கல் வேறு. புதுக் கல்லில் முதல் தோசை எப்படி வரும் என்று வீட்டில் சமைக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்லைப் பழக்காமல் யாரும் விருந்தாளிக்கு இலை போடுவதில்லை.

இன்னும் மோசமானது இதன் தங்கை: "லாகின் பக்கம் வந்துடுச்சு, அப்போ வேலை முடிஞ்சுது." லாகின் பக்கம் வருவதற்கு ஜேவிஎம்மும் டாம்கேட்டும் போதும். உங்கள் நிரலில் பாதி, மாதக் கடைசி வரை யாரும் தொடாத பாதி, அப்போது எழுந்திருக்கவே இல்லை.

அந்தத் தூங்குகிற பாதியில் இருப்பவை பெரும்பாலும் டாட் எஸ்ஓ கோப்புகள், அதாவது ஒரு சிப்புக்கென்றே கம்பைல் செய்த நூலகங்கள். ஸ்னாப்பி, நெட்டி, எஸ்க்யூலைட் ஜேடிபிசி போன்ற ஜாவா நூலகங்கள் அவற்றைத் தங்கள் பொதியான ஜாருக்குள்ளேயே வைத்திருந்து, முதல் தடவை தேவைப்படும்போதுதான் விரித்து ஏற்றுகின்றன. புதிய பதிப்புகளில் ஆர்ச்64 கோப்பும், அதாவது 64 பிட் ஆர்முக்கான கோப்பும், உள்ளே இருக்கும். 2014இல் யாரோ போட்டுவிட்டு மறந்துபோன ஜாரில் இருக்காது. அந்த நிமிடத்தில் அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எரர் வரும், ஏஎம்டி64 (64 பிட் எக்ஸ்86) கோப்பை ஆர்ச்64இல் ஏற்ற முடியாது என்று ஜேவிஎம் காரணத்தையும் எழுதி வைக்கும். லாகைப் படித்தால் ஐந்து நிமிட வேலை. படிப்பதில்லையே. டாம்கேட்டின் நேட்டிவ் நூலகம் கிடைக்காவிட்டால் லாகில் ஒரே ஒரு தகவல் வரி மட்டும் வரும், சர்வர் அது இல்லாமலே எழுந்துவிடும். நாம் குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் வேகத்தில் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருப்போம்.

மின்-விலைப்பட்டியல் வந்தபிறகு இந்தத் தொல்லை கூடிவிட்டது. வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்ட் 1இல் ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களோடு தொடங்கி, படிப்படியாகச் சிறியவர்களையும் உள்ளே கொண்டுவந்தது. அதனால் பில்லில் டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிற வேலையும் சேர்ந்துகொண்டது. கையெழுத்துச் சாவியை வன்பொருள் கருவியில் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கருவியின் விற்பனையாளர் கொடுத்த டாட் எஸ்ஓ ஒன்று இருக்கும். மூலநிரல் நம்மிடம் இருக்காது. அவர் ஆர்ம் பதிப்பு தரவில்லை என்றால் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். இதை மாற்றிய பிறகு தெரிந்துகொண்ட இரண்டு நிறுவனங்களுக்கு நான் ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய சர்வரைத் திரும்ப எழுப்பிக் கொடுத்திருக்கிறேன்.

சரி, ஷா ஆலாம் கதைக்கு வருகிறேன். அங்கே டாட் எஸ்ஓ எதுவும் காரணம் இல்லை. சனிக்கிழமை முழுக்கத் தேடினோம். "சிப்புல ஏதோ கோளாறு அக்கா" என்று அந்தப் பையன் மூன்று முறை சொல்லிவிட்டான். ஞாயிறு மதியம்தான் பிடிபட்டது.

நிரலுக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடுகிற வேலைகளைத் திரெட் என்போம். அதில் ஒரு திரெட் மணிக்கொரு தடவை புதுக் கட்டணப் பட்டியலை உருவாக்குகிறது. உள்ளே வரி விகிதத்தை எழுதுகிறது, அப்புறம் எல்லோரும் பார்க்கிற ஒரு மாறியில் அந்தப் பட்டியலின் முகவரியை வைக்கிறது. மற்ற திரெட்கள் அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் விகிதத்தைப் படிக்கின்றன. எக்ஸ்86 சிப்பில் ஒரு கோர் எழுதியவை எழுதிய அதே வரிசையில்தான் மற்றக் கோர்களுக்குத் தெரியும். ஆர்ம் அந்த வாக்கைக் கொடுக்கவில்லை. முகவரி முன்னால் தெரியலாம், வரி விகிதம் பின்னால் தெரியலாம். நடுவில் படித்த திரெட்டுக்குக் கிடைத்தது 0. அந்த ஒரு நொடித் துணுக்கில் பில் போட்டவருக்கு வரி இல்லை.

தவறு சிப்பில் இல்லை, நிரலில். அந்த மாறிக்கு வாலடைல் என்று, அதாவது எழுதிய வரிசை மாறாமல் மற்றத் திரெட்களுக்குக் காட்டு என்று, எழுதியிருக்க வேண்டும். ஜாவாவின் நினைவக விதிகள் 2004இல் ஜாவா 5 வந்தபோதே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டன. அந்த விதிகளின்படி இந்த நிரல் எக்ஸ்86இலும் தவறுதான், ஓடும்போதே பைட்கோடைச் சிப்பின் மொழிக்கு மாற்றுகிற ஜேஐடி கம்பைலர் நினைத்திருந்தால் அங்கேயும் வரிசையை மாற்றியிருக்கலாம். பத்து வருடமாக அந்தச் சிப் இந்தத் தவறை மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான். வாலடைல் இல்லாத இரட்டைச் சரிபார்ப்புப் பூட்டு, பல திரெட்கள் பங்கிட்டுக்கொள்ளும் சாதாரண ஹேஷ்மேப், சின்க்ரனைஸ் இல்லாத கொடிகள் எல்லாம் இதே குடும்பம். உங்கள் நிரலில் இருக்கின்றனவா என்று மாற்றுவதற்கு முன் தேடுங்கள், தயவுசெய்து. ஒரே ஆள் உட்கார்ந்து சொடுக்கிப் பார்க்கிற சோதனையில் இவை ஒருநாளும் வராது. உண்மையான ஆர்ம் கோர்களில், நூறு திரெட்களோடு, மணிக்கணக்காக ஓட்ட வேண்டும்.

உண்மையான ஆர்ம் என்று ஏன் அழுத்துகிறேன் என்றால், இப்போது இன்னொரு பழக்கம் வந்திருக்கிறது. எக்ஸ்86 லேப்டாப்பில் க்யூஇஎம்யு என்ற பாவனை மென்பொருள் வழியாக ஆர்ம் இமேஜை ஓட்டிப் பார்த்துவிட்டு "சோதித்தாயிற்று" என்பது. அது பாவனை. வேகமும் தெரியாது, இந்த வரிசைப் பிரச்சினையும் வெளிவரும் என்று நம்ப முடியாது. 2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 வந்ததிலிருந்து இதற்கு நேர் எதிரானதும் நடக்கிறது: பையன்கள் மேக்கில் இமேஜ் கட்டுகிறார்கள், அது ஆர்ம் இமேஜ், எக்ஸ்86 சர்வரில் ஏற்றினால் எக்ஸெக் ஃபார்மட் எரர். டாக்கரின் பில்டெக்ஸ் கருவியில் இரண்டு தளத்துக்கும் சேர்த்துக் கட்டுங்கள். தானியங்கிச் சோதனைகளையும் இரண்டு தளத்திலும் ஓட்டுங்கள்.

பினாங்கு விஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை, எடை இயந்திரத்திலிருந்து தகவல் படிக்க ஜாவாவோடு சின்ன சி நூலகம் ஒன்றை இணைத்திருந்தார்கள். 1972இலேயே இன்டெல் வந்து இறங்கிய ஊர், அங்கே எல்லோருக்கும் கைப்பழக்கம் எக்ஸ்86தான். மூலநிரல் கையில் இருந்ததால் ஆர்முக்குத் திரும்பக் கம்பைல் செய்தார்கள், எந்த எச்சரிக்கையும் இல்லை. ஓட்டினால் ஒரு திரெட் சிபியுவை முழுதாகத் தின்றுகொண்டு நிற்கவே இல்லை. கோப்பு முடிவின் குறி மைனஸ் 1. அதை ஒற்றை எழுத்தை வைக்கும் சார் வகை மாறியில் வாங்கி ஒப்பிட்டிருந்தார்கள். எக்ஸ்86 லினக்ஸில் சார் மைனஸ் எண்ணைத் தாங்கும், ஆர்ம் லினக்ஸில் தாங்காது. மைனஸ் 1 அங்கே 255 ஆகிவிட்டது, சுழற்சி முடியவே இல்லை. சி எழுதுகிற சகோதரர்களே, கம்பைல் ஆவதும் சரியாக ஓடுவதும் வேறு வேறு.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாவாவின் தொகுப்பான ஜேடிகேயில் 11க்குக் கீழே நிற்காதீர்கள், முடிந்தால் 17 அல்லது 21க்குப் போங்கள். லினக்ஸ் ஆர்ச்64க்கான ஜேவிஎம் 2017இல் ஜாவா 9இல்தான் முதன்மை ஓப்பன்ஜேடிகேயில் சேர்ந்தது, அதன் உள்வேலைகள் 11இல் நன்றாகத் தீட்டப்பட்டன. கெர்னல் நினைவகத்தைத் துண்டாக்குகிற பக்க அளவைப் பாருங்கள்: ரெட்ஹாட் லினக்ஸ் 8 ஆர்மில் 64 கேபி, ரெட்ஹாட் 9இல் 4 கேபி. 4 கேபி என்று நினைத்துக் கட்டிய, நினைவகம் ஒதுக்கும் ஜேமேலாக் நூலகம் 64 கேபி கெர்னலில் எழவே எழாது. திரெட் ஒன்றுக்கு ஒதுக்கும் நினைவகமான ஸ்டாக்கின் அளவு எக்ஸ்86இல் இயல்பாக 1 எம்பி, ஆர்ச்64 லினக்ஸில் 2 எம்பி. டாக்கர் இமேஜ் ஓடுகிற கன்டெய்னரின் நினைவக வரம்பைக் கயிற்றில் நடப்பதுபோல் இறுக்கி வைத்திருப்பவர்கள் அதையும் கவனியுங்கள்.

சிபியு சதவீதத்தையும் பழைய கண்ணோடு பார்க்காதீர்கள். அமேசானின் பெரும்பாலான இன்டெல் சர்வர்களில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு விசிபியு என்பது அரைக் கோர், ஹைப்பர்திரெட். அங்கே 60 சதவீதம் காட்டும்போதே மூச்சு வாங்கத் தொடங்கியிருக்கும். கிராவிட்டனில் ஒரு விசிபியு ஒரு முழுக் கோர், 60 என்றால் ஏறக்குறைய 60தான். தானாகச் சர்வர் கூட்டுகிற வரம்பை அப்படியே நகலெடுத்துப் போட்டு, தேவையில்லாமல் இரண்டு சர்வருக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மிச்சம் பிடிக்கத்தானே மாற்றினார்கள்!

முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பையன்களுக்கு இரண்டு வாரம் கொடுங்கள். மாதக் கடைசியிலும், தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமையும் மாற்றச் சொல்லாதீர்கள். போக்குவரத்தைச் சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சருக்குப் பின்னால் ஒரே ஒரு ஆர்ம் சர்வரைப் பழையவற்றோடு சேர்த்து நிறுத்தி, பத்தில் ஒரு பங்கு போக்குவரத்தை மட்டும் அனுப்புங்கள். செஷன் தகவலைச் சேமிக்கவும் அனுப்பவும் மாற்றுகிற ஜாவா சீரியலைசேஷன் சிப்பைப் பொறுத்தது அல்ல, செஷன்கள் இரண்டு பக்கமும் போய்வரும், பயப்பட வேண்டாம். ஒரு முழு மாதக் கணக்கு முடிகிற வரை பழைய சர்வரை அணைக்காதீர்கள்.

ஷா ஆலாமில் ஞாயிறு மாலை வாலடைல் என்ற அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தோம். திங்கள் முழுக்க உண்மையான போக்குவரத்தில் ஓடியது, பூஜ்ய வரி ஒன்றும் வரவில்லை. ஏற்கெனவே போன 14 பில்களை அவர்கள் கணக்குப் பிரிவு ஒவ்வொன்றாகத் திருத்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது.

நேற்று அந்தப் பையன் மறுபடி அழைத்தான். அவர்களுடைய இரண்டாவது சர்வரும் மாற வேண்டுமாம். இந்த முறை முதலில் எல்லா ஜார்களையும் பிரித்து, உள்ளே இருக்கும் டாட் எஸ்ஓக்களைப் பட்டியல் போட்டு அனுப்பியிருந்தான். மொத்தம் 11, அதில் இரண்டுக்கு ஆர்ம் பதிப்பு இல்லை. ஒன்றின் புதிய பதிப்பில் இருக்கிறது, மாற்றிவிடலாம். இன்னொன்றுக்கு விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதில் வரும்வரை அந்தச் சர்வர் இருக்கிற இடத்திலேயே இருக்கும்.