கருச்சிதைவுக்குச் சிகிச்சை எடுப்பது பாவம் என்று யார் சொன்னது?

இந்த மாதமும் ஒரு பெண்ணை அப்படித்தான் கொண்டுவந்தார்கள். கருவுக்குத் துடிப்பு இல்லை என்று ஸ்கேனில் தெரிந்து பல நாட்கள் ஆகியிருந்தன. காய்ச்சலும் நடுக்கமும் வந்த பிறகுதான் மருத்துவமனைக்கு வர மனம் வந்திருக்கிறது. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டேன். "கருவைக் கலைப்பது எங்கள் திருச்சபையில் பெரிய பாவம் டாக்டர். தானாக வெளியே வரட்டும் என்று இருந்துவிட்டோம்" என்றார் கணவர். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். ஆனால் இதே பதிலை இன்னொரு முறை கேட்க எனக்குப் பொறுமையில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இறந்துபோன கருவை அகற்றுவதைக் கத்தோலிக்கத் திருச்சபை தடுக்கவில்லை. மாத்திரை கொடுத்து வெளியேற்றினாலும் சரி, உறிஞ்சி எடுத்தாலும் சரி, டி அண்ட் சி (கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்தாலும் சரி. திருச்சபை எதிர்ப்பது உயிரோடு இருக்கும் கருவின் உயிரை நேரடியாக எடுப்பதை. உயிரே இல்லாத இடத்தில் அந்தக் கேள்விக்கு இடமேது? கருக்கலைப்புக்கும் இதற்கும் ஒரே மருந்து, ஒரே கருவி. அதைப் பார்த்துத்தான் இரண்டும் ஒன்று என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மருந்துச் சீட்டில் மிசோப்ரோஸ்டால் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, வாங்காமலே வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தவும் அதே மாத்திரையைத்தான் கொடுக்கிறோம். என்ன மருந்து என்று பார்த்தால் போதாது. எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள்.

கருக்குழாயில் தங்கிய கருவைப் பற்றியும் இதே குழப்பம்தான். நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு இப்படி அமைகிறது. அதை எடுத்துக் கருப்பையில் வைத்துவிடலாமே என்று கேட்கிறார்கள். முடியாது. எந்த ஊரிலும், எந்த மருத்துவராலும் முடியாது. விட்டுவைத்தால் குழாய் வெடிக்கலாம், வயிற்றுக்குள் ரத்தம் நிரம்பலாம், தாயும் போய்விடலாம். பாதிக்கப்பட்ட குழாயை அகற்றும் அறுவையைக் கத்தோலிக்க அறநெறியாளர்கள் ஏற்கிறார்கள். கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெதோட்ரெக்சேட் ஊசி விஷயத்தில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கைகட்டிக்கொண்டு பார்த்திருங்கள் என்று அவர்களில் யாரும் சொல்லவில்லை.

அப்படியானால் உண்மையான சண்டை எங்கே? அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் தங்கள் மருத்துவமனைகளுக்கு வகுத்த நெறிமுறைகளில் ஒரு விதி உண்டு. கர்ப்பிணியின் கடுமையான நோயைக் குணப்படுத்துவதே நேரடி நோக்கமாக இருந்து, குழந்தை வெளியே பிழைக்கும் நிலை வரும்வரை அந்தச் சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது என்றால், கரு இறக்க நேர்ந்தாலும் சிகிச்சை தரலாம். புற்றுநோய் வந்த கருப்பையை அகற்றுவது இந்த வகை. கர்ப்பமே தாயைக் கொல்கிறது, கர்ப்பத்தை முடிப்பது மட்டும்தான் வழி என்ற நிலை வரும்போதுதான் சண்டை வருகிறது. அதை நேரடிக் கருக்கலைப்பு என்று சொல்லித் திருச்சபை ஏற்பதில்லை. 2009இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு கத்தோலிக்க மருத்துவமனையில் இதுதான் நடந்தது. 11 வாரக் கர்ப்பிணிக்கு நுரையீரல் ரத்தக்குழாய்களில் ஆபத்தான உயர் அழுத்தம். கர்ப்பத்தை முடித்துத் தாயைக் காப்பாற்றினார்கள். மருத்துவமனையின் அறநெறிக் குழுவில் இருந்து அதற்கு ஒப்புதல் தந்த கன்னியாஸ்திரி மார்கரெட் மெக்பிரைடு திருச்சபையிலிருந்து விலக்கப்பட்ட நிலைக்கு ஆளாகிவிட்டதாக ஆயர் ஓம்ஸ்டெட் அறிவித்தார். 2010 டிசம்பரில் அந்த மருத்துவமனை கத்தோலிக்க அங்கீகாரத்தையே இழந்தது. அன்று அந்த வார்டில் நான் இருந்திருந்தால் அந்தக் கன்னியாஸ்திரி செய்ததைத்தான் செய்திருப்பேன்.

2009இல் பிரேசிலின் ரெசிஃபே நகரில், வன்புணர்வுக்கு ஆளான 9 வயதுச் சிறுமியின் வயிற்றில் இரட்டைக் கரு. கருக்கலைப்பு செய்த மருத்துவர்களும் சிறுமியின் தாயும் திருச்சபைக்கு வெளியே போய்விட்டார்கள் என்றார் அங்கிருந்த பேராயர். வாடிகனிலேயே பேராயர் ஃபிசிகெல்லா, அந்தச் சிறுமியை முதலில் அரவணைத்திருக்க வேண்டும் என்று எழுதினார். போதனையில் மாற்றமில்லை என்று வாடிகன் பிறகு விளக்கம் தந்தது.

வன்புணர்வு பற்றிய இந்தக் கேள்விதான் 2007இல் மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலையும் திருச்சபையையும் பிரித்தது. 1961இல் அந்த அமைப்பைத் தொடங்கிய பீட்டர் பெனன்சன் ஒரு கத்தோலிக்கர். அதுவரை கருக்கலைப்பில் எந்தப் பக்கமும் சாயாத ஆம்னெஸ்டி, கருக்கலைப்புக்காகப் பெண்களைத் தண்டிக்கக் கூடாது, வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்கும் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து உள்ளவர்களுக்கும் பாதுகாப்பான வழி வேண்டும் என்று நிலை எடுத்தது. வாடிகனின் கர்தினால் மார்ட்டினோ, கத்தோலிக்கர்கள் ஆதரவை விலக்கிக்கொள்ள வேண்டும் என்றார். 31 ஆண்டுகள் உறுப்பினராக இருந்த இங்கிலாந்து ஆயர் மைக்கேல் எவன்ஸ் வெளியேறினார். இரு தரப்புமே மனித உயிரின் மாண்பைச் சொல்லித்தான் பேசினார்கள். யாருமே நடிக்கவில்லை என்பதுதான் இந்தச் சண்டை தீராமல் இருப்பதற்குக் காரணம்.

மனித உரிமைத் தோழர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உலகில் நடக்கும் கருக்கலைப்புகளில் சுமார் 45 சதவீதம் பாதுகாப்பற்றவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் "கத்தோலிக்க மதம் பெண்களைச் சாகச் சொல்கிறது" என்று பொத்தாம்பொதுவாகப் பேசும்போது, விசுவாசமுள்ள ஒரு பெண் அதை நம்பிவிடுகிறார். தன் மதம் சிகிச்சையையே தடுக்கிறது என்று நினைத்து வீட்டிலேயே கிடக்கிறார்.

அயர்லாந்தில் 2012 அக்டோபரில் 17 வாரக் கர்ப்பிணியான சவிதா ஹாலப்பனவர் செப்சிஸால், அதாவது உடல் முழுவதையும் பாதிக்கும் கடும் தொற்றால், இறந்தார். கரு பிழைக்காது என்று தெரிந்தும், துடிப்பு இருப்பதைக் காரணம் காட்டி, அவர் கேட்ட கருக்கலைப்பை மறுத்தார்கள். இது கத்தோலிக்க நாடு என்று அவரிடம் சொல்லப்பட்டது. அதைவிடக் கொடுமை, தொற்று முற்றிக்கொண்டிருந்ததையே சரியாகக் கண்காணிக்கவில்லை. 13 வாய்ப்புகள் தவறவிடப்பட்டதாக அரசின் கண்காணிப்பு ஆணையம் கண்டறிந்தது. அடுத்த மாதமே அயர்லாந்து ஆயர்கள், தாயின் உயிரைவிடக் குழந்தையின் உயிர் மேலானது என்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை என்றார்கள். இதை முன்பே, பிரசவ வார்டுவரை கேட்கும்படி சொல்லியிருக்கக் கூடாதா? பங்குத்தந்தையர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கருக்கலைப்பை எதிர்த்து மறையுரை ஆற்றும் நாளில், கருச்சிதைவுக்கும் குழாய்க் கர்ப்பத்துக்கும் உடனே மருத்துவமனைக்குப் போகலாம் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி பெண்களுக்கு. மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கும்போது அடிவயிற்றின் ஒரு பக்கம் வலித்தால், மயக்கம் வந்தால், தோள்பட்டை முனையில் வலி எடுத்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் நனைந்து, அது தொடர்ந்தாலும் அப்படித்தான். காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கருவைக் கலைக்க நீங்களே மாத்திரை போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். 1994இல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டின் செயல்திட்டம், கருக்கலைப்பால் வரும் சிக்கல்களுக்கு எந்தச் சூழலிலும் தரமான சிகிச்சை கிடைக்க வேண்டும் என்கிறது. மனசாட்சி உறுத்துகிறதா? கருக்கலைப்புப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் நிலையாகத் தந்துவிட்டார். குருவிடம் பிறகு போகலாம், ரத்தப்போக்கு காத்திருக்காது.

கர்ப்பப் பதிவின்போதே, உயிருக்கு ஆபத்து என்றால் இங்கே எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்று கேட்டுவிடுங்கள். மழுப்பினால் வேறு மருத்துவமனை பாருங்கள். சக மருத்துவர்களே, உங்கள் மனசாட்சி ஒரு சிகிச்சையை மறுத்தால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள், வேறு மருத்துவரிடம் அனுப்புங்கள். பனிக்குடம் உடைந்து காய்ச்சலோடு ஒருவர் படுத்திருக்கும்போது அதைச் சொல்லாதீர்கள்.