மலையேறும் தடுப்பூசி கெடாமல் வந்தது எப்படித் தெரியும்?

1907-க்கு முன்பு நம் பக்கத்தில் ஒருவரை வெறிநாய் கடித்தால், ஊசி போட இமயமலைப் பக்கம் கசௌலி வரை ரயிலேற வேண்டும். நாட்டில் பாஸ்டர் நிலையம் இருந்தது அங்கே மட்டும்தான். அந்த ஆண்டு குன்னூரில் இன்னொன்று திறந்த பிறகுதான் தென்னாட்டுக்கு மருந்து கிட்டத்தில் வந்தது. மருந்து கண்டுபிடித்தாயிற்று, ஆனால் தேவைப்படுபவருக்கு எட்டவில்லை. உலகப் பொதுச் சுகாதாரத் திட்டங்கள் இன்றுவரை மல்லுக்கட்டுவது இந்த இடைவெளியோடுதான்.

எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி என்று உலக சுகாதார நிறுவனம் 1974-இல் திட்டம் தொடங்கியது. இந்தியாவில் அது 1978-இல் வந்தது. சரி, ஜெனீவாவில் போட்ட திட்டம் கீழ்க்கோத்தகிரிச் சரிவில் இருக்கும் இருளர் ஊருக்கு வந்து சேர வேண்டுமே! பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து கிடங்கு, ஆரம்ப சுகாதார நிலையம், கடைசியில் கிராம சுகாதாரச் செவிலியரின் ஐஸ் பெட்டி வரை எங்கே சூடு ஏறினாலும் வீரியம் குறையும். ஜீப் போகாத வழியில் பெட்டியைத் தூக்கி நடக்கும் நர்ஸம்மாவிடம் சோதனைக்கூடமா இருக்கிறது?

குப்பியின் லேபிளை உற்றுப் பாருங்கள். ஊதா நிற வட்டம், அதற்குள் வெளிறிய சின்னச் சதுரம். சதுரத்தில் பூசிய வேதிப்பொருளின் மூலக்கூறுகள் வெப்பம் பட்டால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். கோக்கக் கோக்க நிறம் அடர்கிறது. தோய்ந்த தயிர் மறுபடி பாலாகாத மாதிரி, திரும்பக் குளிரில் வைத்தாலும் நிறம் வெளுக்காது. வழியில் பட்ட சூடெல்லாம் அதில் கணக்காக ஏறிக்கொண்டே இருக்கும். சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைத் தொடக்கூடாது. எந்த மருந்து எவ்வளவு தாங்குமோ அதற்கேற்ற பூச்சு: 37 டிகிரியில் போலியோ சொட்டு மருந்தின் சதுரம் 2 நாளில் கறுத்துவிடும், ஹெபடைடிஸ் பி மருந்தினுடையது 30 நாள் தாங்கும்.

1996-இல் போலியோ சொட்டு மருந்தில் முதலில் வந்த இந்தச் சதுரத்தை நான் பெரிய சாதனை என்பேன். முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் மருந்தைக் கொட்டிவிட வேண்டியதுதான். சந்தேகம் அதிகம் வருவதோ தூரத்து ஊர்களில். இப்போது முடிவெடுப்பது பெட்டி சுமப்பவர்.

ஆனால் நீலகிரியில் எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் உறைபனி விழும். பெண்டாவேலண்ட் (ஐந்து நோய்களுக்கும் சேர்த்து ஒரே ஊசி), ஹெபடைடிஸ் பி போன்றவற்றில் வீரியம் கூட்ட அலுமினிய உப்பு சேர்த்திருப்பார்கள். மருந்து உறைந்தால் பனிப்படிகங்கள் அந்தத் துகள்களை நெருக்கித் திரளாக்கிவிடும். உருகிய பிறகும் திரள் பிரியாது. இதைச் சதுரம் காட்டாது. அதற்குக் குலுக்கிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கிப் பக்கத்தில் வைப்பார்கள். உறைந்ததில் வண்டல் சீக்கிரம் அடியில் இறங்கும். சந்தேகக் குப்பியும் அப்படியே இறங்கினால் அது கழிவுக்கு. இந்த வம்பே வேண்டாம் என்றுதான், ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே பெட்டியில் அடுக்காமல், குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை வெளியே வைக்கிறார்கள்.

அப்புறம் கணக்கு. தடுப்பூசி போட்ட குழந்தைகளின் நாட்டுச் சராசரி 90 சதவீதம் என்றால் விடுபட்ட மலையூர் அதில் மறைந்துபோகும். அதனால்தான் 2012-இல் ஏற்ற உலகத் தடுப்பூசித் திட்டம், நாட்டளவில் 90 சதவீதத்தோடு ஒவ்வொரு மாவட்டத்திலும் 80 சதவீதம் என்று கேட்டது. அடுத்த திட்டம் இன்னும் கீழே இறங்கி, முதல் ஊசிகூடப் போடாத குழந்தைகளை எண்ணுகிறது. 2019-இல் இருந்த அவர்கள் எண்ணிக்கையை 2030-க்குள் பாதியாக்க வேண்டும். எனக்கு இந்த இலக்குதான் நியாயமாகப் படுகிறது. பந்தலூர்ப் பக்கத் தேயிலைத் தோட்டத்துக்கு ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்தின் கைக்குழந்தை எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் போகலாம். லைன் வீடுகளில் கதவு தட்டி, பெயரும் பிறந்த தேதியும் கேட்டு எழுதினால்தான் அந்தக் குழந்தைக்கென்று பெட்டியில் ஒரு டோஸ் ஏறும்.